துண்டும் சாவியும்

1570களின் தொடக்கத்தில் ஒரு பெரிய வியாழனன்று, கிரீனிச் அரண்மனையில் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி 39 ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவினார். அரசிக்கு அப்போது 39 வயது. வயதுக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கால்கள் அரசியின் கைக்கு வருமுன் மூன்று முறை கழுவப்பட்டிருந்தன. முதலில் அரண்மனைச் சலவைப் பணியாளர்கள் வெந்நீராலும் மணமுள்ள மலர்களாலும் கழுவினார்கள். அடுத்து தர்மகாரியத் துணை அதிகாரி, அவருக்குப் பின் தலைமை அதிகாரி. அழுக்கெல்லாம் போன பிறகுதான் அரசி திண்டின்மேல் முழந்தாளிட்டு, தன் பங்குக்கு நீர் ஊற்றி, சிலுவை அடையாளமிட்டு முத்தமிட்டார். பிற்பாடு கழுவுவதும் படிப்படியாகக் குறைந்து, 18ஆம் நூற்றாண்டில் அடியோடு நின்றுபோனது. இன்றைக்கும் அந்நாளில் மன்னர் தம் வயது எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெள்ளிக்காசு வழங்குகிறார். கால் போய்விட்டது, காசு மிஞ்சியிருக்கிறது.

இதை வெறும் நாடகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருடத்தில் ஒரு நாளாவது மண்டியிட வேண்டும் என்று ஓர் அரசாங்கம் நினைத்ததே, அந்த நினைப்பை விதைத்தது எது என்பது சிறிய கேள்வியல்ல. அதே சமயம், மறுநாள் காலையில் அந்த 39 பெண்களின் நிலையில் என்ன மாறியிருந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. வரி போடும் கையும் தண்டனை தரும் கையும் அதே கைதான்.

கிறிஸ்தவத்தில் தாழ்மையான தலைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி இராப்போஜனத்தில் சீடர்களின் கால்களைக் கழுவ இயேசு இடுப்பில் கட்டிய துண்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சாவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பணப்பெட்டி யாரிடம், நிலப் பத்திரம் யார் பெயரில், யாரை வேலையில் வைப்பது யாரை நீக்குவது என்று முடிவெடுப்பவர் யார்? துண்டை யாரும் ஒரு மணி நேரம் கட்டிக்கொள்ளலாம். சாவியைக் கொடுத்தால் திரும்பி வராது. திருச்சபையின் வரலாற்றில் தாழ்மை சோதிக்கப்பட்ட இடமெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடந்தான்.

மூலக் காட்சியையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கால் கழுவிய நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளில் யோவானில் மட்டுமே, 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. மற்ற மூவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அதே இராப்போஜனத்தில் சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று சண்டை போட்டதை லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். மாற்கு கதையில் யாக்கோபும் யோவானும் தாங்களே வந்து வலப்பக்கம் இடப்பக்கம் ஆசனம் கேட்கிறார்கள். அதே கதையைச் சொல்லும் மத்தேயு, கேட்டது அவர்களுடைய தாயார் என்று சொல்லிப் பிள்ளைகளின் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றுகிறார். முதல் தலைமுறையிலேயே பதவி ஆசை இருந்தது. அதை எழுதி வைக்கிற துணிச்சலும் இருந்தது.

யோவானின் விவரிப்பில் பலர் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. பிதா சகலத்தையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்பதை அறிந்தவராகத்தான் இயேசு பந்தியிலிருந்து எழுந்தார் என்கிறார் யோவான். எல்லாம் கையில் இருக்கிறவர் குனிகிறார். அன்றைய பாலஸ்தீனத்தில் விருந்தாளியின் காலைக் கழுவுவது அடிமையின் வேலை. எபிரெய அடிமையைக்கூட அந்த வேலைக்கு வற்புறுத்தக் கூடாது என்று யூத மரபில் ஒரு விளக்கம் இருந்தது. அவ்வளவு தாழ்ந்த வேலை. எல்லாம் உள்ளவர் அதைச் செய்தால் அது தாழ்மை. ஒன்றும் இல்லாதவனைச் செய்ய வைத்தால் அது வெறும் கொத்தடிமைத்தனம். இந்த வித்தியாசத்தை மறந்த பிரசங்கம்தான் உலகத்தில் அதிகம். தோட்ட முதலாளியின் பணத்தில் நடந்த ஆலயங்களில் அடிமைகளுக்கும், மிராசுதாரர் முன்வரிசையில் உட்கார்ந்த ஆலயங்களில் பண்ணையாட்களுக்கும் தாழ்மை போதிக்கப்பட்டது. ஏற்கெனவே தரையில் இருக்கிறவனை இன்னும் குனியச் சொல்ல நற்செய்தி தேவையில்லை.

சாவியைப் பற்றி ஆரம்பத்திலேயே யோசித்தவர்கள் துறவிகள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய மடத்து விதிமுறையில் சமையற்கட்டுப் பணிக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. நோயோ வேறு முக்கியப் பொறுப்போ இல்லாத எல்லாத் துறவிகளும் வாரமுறை வைத்துச் சமையலறையில் வேலை செய்ய வேண்டும். சனிக்கிழமை முறை முடிகிறவர் கை கால் துடைக்கும் துணிகளைத் துவைத்துப் போட வேண்டும். முடிக்கிறவரும் தொடங்குகிறவருமாக இருவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல், பண்டகக் காப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். அது அங்கே வாராவாரம் நடக்கிற காரியம், திருவிழா அல்ல. பிரபு வீட்டுப் பிள்ளையும் குடியானவன் பிள்ளையும் ஒரே முறைப்பட்டியலில் வந்தார்கள்.

இன்னோர் அதிகாரம் அதைவிட முக்கியமானது. மடத்தில் பெரிய காரியம் எதையும் தீர்மானிக்கு முன் மடாதிபதி எல்லாத் துறவிகளையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்கிறார் பெனடிக்ட். கடவுள் பல வேளைகளில் இளையவனுக்கே நல்லதைக் காட்டுகிறார் என்பது அவர் சொல்லும் காரணம். இறுதி முடிவு மடாதிபதியுடையதுதான். இது ஜனநாயகம் அல்ல. ஆனாலும் தலைவன் கேட்டே ஆக வேண்டும் என்பது அவனுடைய நல்ல குணத்துக்கு விடப்படவில்லை. நல்ல மனம் இருந்தால் போதும் என்று பெனடிக்ட் நம்பவில்லை. மனித சுபாவம் தெரிந்தவர்.

அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலராக 1841 முதல் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஹென்றி வென், மிஷனெரியின் வேலை ஒரு நாள் தேவையற்றுப்போக வேண்டும் என்று நினைத்தவர். உள்ளூர் சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் விளைவாக 1864இல் சாமுவேல் அஜயி குரோத்தர் என்ற ஆப்பிரிக்கர் ஆங்கிலிக்கன் ஆயராக அபிஷேகம் பெற்றார். யொரூபா நாட்டில் பிறந்து, 1821இல் அடிமை பிடிப்பவர்களிடம் சிக்கி, மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டவர் அவர். கைமாறிய சாவிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் வென் மறைந்த பிறகு காற்று மாறியது. தீவிர பக்தியோடு இங்கிலாந்திலிருந்து குரோத்தரின் பொறுப்பிலிருந்த நைஜர் மிஷனுக்கு வந்த இளம் வெள்ளை மிஷனெரிகள், குரோத்தரின் ஊழியர்கள் ஒழுக்கத்தில் தேறாதவர்கள் என்று தீர்ப்பெழுதினார்கள். 1890இல் மிஷனின் நிதிக்குழுவில் 80 வயதைத் தாண்டிய ஆயருக்கு எதிரிலேயே அவருடைய குருமார் பலர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். அவருடைய மகனும் அதில் ஒருவர். குரோத்தர் அந்தக் குழுவிலிருந்து விலகினார். 1891ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். அவருடைய இடத்துக்கு ஓர் ஐரோப்பியர் அமர்த்தப்பட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த இளைஞர்கள் போலிகள் அல்ல. எளிய வாழ்க்கையையும் தியாகத்தையும் மெய்யாகவே விரும்பி, உள்ளூர் உடை உடுத்திப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். துண்டு கட்டத் தயாராக இருந்தார்கள். சாவியைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்த நிழல் விலகாத காலத்தில்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா வருகிறார். 1874 ஆகஸ்டு 17ஆம் தேதி வெள்ளாளன்விளையில், கிராமத்துக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார், பட்டம் வாங்கவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலராகித் தென்னிந்தியா முழுவதும் அலைந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே காசு சேர்த்து வெளியிடத்துக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலியில் நூறு ஆண்டுகளாகத் திருச்சபை இருக்கிறது, இங்கே ஏன் இது இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. இந்த மூன்றில் முதலாவதை மிஷனெரிகள் எப்போதும் வரவேற்றார்கள். மூன்றாவதுதான் சாவி.

பாளையங்கோட்டைச் சங்கம் ஊழியத்துக்குத் தேர்ந்த இடம் நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல். தெலுங்கு நாடு. செயலராக இருந்து மற்றவர்களை அனுப்பிய அசரியா, 1909இல் தாமே அங்கே போனார். 35 வயதில் தெலுங்கு கற்றார். ஊர் ஊராகப் போவதற்கு மாட்டு வண்டி, இரவுக்குக் கூடாரம். சங்கத்தின் மேசையில் இருந்துகொண்டே நல்லபேர் வாங்கியிருக்கக்கூடியவர் களத்துக்கு இறங்கினார் என்பதை அக்காலத்தவர் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அடுத்த ஆண்டு நடந்தது.

1910 ஜூன். எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. 1,200க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அசரியாவை அழைத்தார்கள். பதமாக நாலு வார்த்தை நன்றி சொல்லி இறங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் இருப்பது பெரும்பாலும் முதலாளிக்கும் சம்பளக்காரனுக்கும் உள்ள உறவு என்றார். வருடக்கணக்கில் கூட வேலை செய்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்றார். உங்கள் தியாகத்தையும் ஈகையையும் இந்தியா மறக்காது, ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்று முடித்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது, பலருக்குக் கோபம். அவரை இந்தியாவிலிருந்து ஊக்கிவந்த சென்னை ஆயர் ஹென்றி வொய்ட்ஹெட் போன்ற சிலர் மட்டும் துணை நின்றார்கள்.

இந்தப் பேச்சைத் தாழ்மையின் எதிர்ப்பதம் என்று அன்று நினைத்தவர்கள் உண்டு. நான் இதைத்தான் அவருடைய தாழ்மையின் திறவுகோலாகப் பார்க்கிறேன். தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா என்ற தலித் மக்களின் குடிசைகளுக்கு முன்னால் குனிந்த முதுகு எடின்பரோ மேடையில் நிமிர்ந்தது. தாழ்மைக்குத் திசை உண்டு. மேலே பார்த்து வளைந்து கீழே பார்த்து விறைத்து நிற்பதை நாம் தினமும் அலுவலகங்களில் பார்க்கிறோம். அதற்குப் பெயர் தாழ்மையல்ல. யோவான் நற்செய்தியில் கால் கழுவிய இரவிலேயே, இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்வதில்லை, சிநேகிதர் என்கிறேன் என்ற பொருளில் இயேசு பேசுகிறார். கால் கழுவுதல் போய்ச் சேர வேண்டிய இடம் நட்பு. நட்பில் போய்ச் சேராத சேவை, எத்தனை தலைமுறை நடந்தாலும் தர்மம்தான். எடின்பரோவில் அசரியா கேட்டது அந்த மீதிப் பாதியை.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் ஆயராக அபிஷேகம் பெற்றார். முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இந்தியர் ஒருவருக்குக் கீழே ஐரோப்பியர் எப்படி வேலை செய்வது என்று ஒரு பக்கம். சொந்தச் சீமையிலேயே, நாடார் ஒருவர் ஆயராவதா என்று சாதி முணுமுணுப்பு இன்னொரு பக்கம். முதலில் சிறிய நிலப்பரப்புதான் கொடுத்தார்கள். 1920களில் திருமண்டலம் விரிந்தபோது ஆங்கில மிஷனெரிகளும் அவர் மேற்பார்வைக்குள் வந்தார்கள்.

அந்த ஊர்களில் அவர் சந்தித்த மக்களுக்கு ‘சேவை’ புதிதல்ல. நிஜாம் சீமையின் தலித் குடிகள் தேஷ்முக் என்ற நிலக்கிழாருக்கும் அதிகாரிகளுக்கும் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தே முதுகு ஒடிந்தவர்கள். அவர்களிடம் போய் மனமுவந்த சேவையைப் பற்றி ஒருவர் பேச வேண்டுமானால் முதலில் அவர்களைக் கொடுக்கிறவர்களாக்க வேண்டும். அசரியா இதைச் செய்த விதங்கள் சின்னச் சின்னவை. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கை வைக்கச் செய்து, நற்செய்தியை அறிவிப்பது தம்மேல் விழுந்த கடமை என்று பவுல் சொன்னதைத் தங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். வழக்கமாக ஆயர்தான் மற்றவர் தலையில் கை வைப்பார். இங்கே குடியானவனின் கை அவனுடைய தலையிலேயே. ஊழியம் எங்கிருந்தோ வரும் துரையின் வேலையல்ல, உன் வேலை என்று உடம்புக்கே புரியவைக்கிற முறை இது.

இன்னொன்று பிடி அரிசி. அடுப்பில் உலை வைக்கும்போது வீட்டுப் பெண், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும்; விற்ற காசு உபதேசியாரின் சம்பளத்துக்கு. திருநெல்வேலிக் கிராமங்களில் பாட்டிமார் செய்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோர்ணக்கல்லிலும் இந்த வழக்கம் வேரூன்றியது. அரைவயிற்றுச் சாப்பாட்டுக்காரர்களிடம் ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தன் அரிசியில் சம்பளம் வாங்குகிற உபதேசியாரிடம் ஒரு பெண் கேள்வி கேட்க முடியும். இலண்டன் காசில் சம்பளம் வாங்குகிறவரிடம் கேட்க முடியாது. கிறிஸ்தவ ஈகையைப் பற்றி அசரியா தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு அது சபை நடத்தும் முறையின் அடித்தளம். 1935 வாக்கில் அவருடைய திருமண்டலத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமார் இருந்தார்கள். கிராம ஆசிரியர்கள், மருத்துவ ஊழியர்கள், சுவிசேஷகர்கள் 2,000 பேருக்கு மேல்.

அவரைக் குறையற்றவராக ஆக்க வேண்டியதில்லை. அவர் தெலுங்கர் நடுவே தமிழர். தகப்பன் ஸ்தானத்தில் இருந்து கண்டிப்போடு ஆண்டவர். ஆயர் பதவியின் அதிகாரத்தில் அவருக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது. குடியையும் கடனையும் அழுக்கையும் நோயையும் கிராமத்துப் பேய்கள் என்று சாடியதில், மேலிருந்து திருத்துகிறவரின் குரல் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது. 1930களில் காந்தி கூட்டங்கூட்டமான மதமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். சேவையைத் தூண்டிலாக்குகிறீர்கள் என்ற அந்தக் குற்றச்சாட்டு அசரியாவின் களத்தையும் நேராகத் தொட்டது. வந்தவர்கள் காசுக்கு வந்தவர்கள் அல்ல, அவர்களுடைய மாறிய வாழ்க்கையைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வருகிறார்கள் என்பது அவர் தரப்பு. யார் சொன்னது சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுக்க பிரிட்டிஷ் அரசு முன்வந்தபோது, அது வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் அசரியா ஒருவர். தலைகளை எண்ணி அதிகாரம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், கையில் வந்த சாவியை யாரும் அப்படித் திருப்பித் தரமாட்டார்கள்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபை ஐக்கியம் பற்றி 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர். அசரியா முன்னின்று நடத்தினார். மேல்நாட்டில் உண்டான பிரிவினைகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. அதிலிருந்து தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் இழுத்தது. இழுபறியில் பெரிய பங்கு ஆயர் பதவியைப் பற்றியது: யாருடைய அபிஷேகம் செல்லும், யாருடையது செல்லாது. கடைசியில் ஆயர் இருப்பார், ஆனால் தனித்து ஆளமாட்டார்; குருமாரும் சபை மக்களின் பிரதிநிதிகளும் உட்காரும் மன்றத்தோடு சேர்ந்தே ஆள்வார் என்ற ஏற்பாட்டோடு 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

நல்ல ஏற்பாடு. பெனடிக்ட் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். ஆனால் ஏற்பாடு மட்டும் போதாது என்பதையும் அடுத்த முக்கால் நூற்றாண்டு காட்டிவிட்டது. திருமண்டலத் தேர்தல் வந்தால் அணிகள், சாதிக் கணக்கு, சுவரொட்டி. பள்ளிக்கூட நியமனங்களைச் சுற்றிப் புகார். சொத்து வழக்குகள் நீதிமன்றத்தில். சபை மக்களின் கைக்கு வந்த சாவி சில கைகளிலேயே சுழல்கிறது. இத்தனைக்கும் நடுவில் பெரிய வியாழன் ஆராதனை தவறுவதில்லை. அசன விருந்தில் இலை போட்டுப் பரிமாற இன்றும் இளைஞர்கள் முந்திக்கொண்டு வருகிறார்கள். அந்த மனம் சாகவில்லை. அதே இளைஞர்கள் சேகரக் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டால் எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்பதை வாசகர்கள் தங்கள் சபையை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

அசரியா 1945ஆம் ஆண்டு பிறந்த அன்றே, ஜனவரி 1ஆம் தேதி, தோர்ணக்கல்லில் காலமானார். 1912இல் அவரை ஆயராக்கிய ஆங்கிலிக்கன் சபை, அவர் இறக்கும்வரை இருந்த 32 ஆண்டுகளில், இன்னோர் இந்தியரை ஒரு திருமண்டலத்தின் முழுப்பொறுப்புள்ள ஆயராக அமர்த்தவில்லை. துணை ஆயர்களாகச் சிலர் வந்தார்கள், அவ்வளவுதான். அவர் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்கு, நாடு விடுதலை பெற்ற பின்னும் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் ஒருவரே ஆயராக இருந்தார்.